மனுஷங்க ஒரு பானைச் சோறு இல்லை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை, இரண்டு மாடு, இரண்டு பிள்ளைங்க, நடவு களையெடுப்பு வந்தா வயல் வேலை, இதுதான் என் வாழ்க்கை. குழுவில் சேர்ந்ததிலிருந்து தீர்மான நோட்டு எழுதுற வேலை என்னோடது. மேடையில் வரவு செலவு படிச்சிருக்கேனே தவிர பேசினதில்லை.

போன மாசம் தலைவி அக்கா போன் பண்ணி, "சமூகத்தில் தப்பெண்ணம் என்ற தலைப்பில் நீ பேசணும்"னு சொன்னாங்க. "அப்படின்னா என்னக்கா?"ன்னு கேட்டேன். "ஒருத்தரைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சுக்காமலே, இவங்க இப்படித்தான்னு முடிவு பண்ணிடறோம் பாரு, அதுதான்"னு சொன்னாங்க. "அதுன்னா பேசறேன்க்கா. அதை நானே பண்ணியிருக்கேன்"னு சொன்னேன். அதைத்தான் இன்னிக்கு உங்க முன்னாடி சொல்லப் போறேன்.

முதல்ல நமக்கு நடந்ததைச் சொல்றேன். எங்க குழு 2013-ல் ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் முதல் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். ஊக்குநர் அக்கா, நான், இன்னும் ரெண்டு பேர். கையில் தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் இருந்தது. அங்கே இருந்தவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "ஆம்பளைங்க யாரும் கூட வரலியா?"ன்னு கேட்டார். அப்புறம், "பணம் வாங்கிப் புடவை, சீட்டுன்னு செலவு பண்ணிடுவீங்க. யார் கட்டறது?"ன்னார். எங்க ஊக்குநர் அக்கா கோபப்படலை. நோட்டை அவர் முன்னாடி தள்ளி வைச்சு, "எங்களைப் பார்க்காதீங்க சார், நோட்டைப் பாருங்க"ன்னு சொன்னாங்க. அன்னிக்குப் பார்க்கலை. நாலு தடவை நடந்த பிறகுதான் பார்த்தார். பார்த்த பிறகு கடன் கிடைச்சது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்க பேசாத பேச்சில்லை. "எங்கேயோ ஒரு குழு கட்டாம விட்டிருக்கும். அதுக்கு நம்மள எல்லாரையும் சேர்த்து இப்படிப் பேசலாமா?"ன்னு நான்தான் அதிகமா கத்தினேன்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க. சோத்துக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே நெருப்பு. ஒண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தா மீதியும் அப்படித்தான் இருக்கும். மனுஷங்க அப்படியா? ஒரே வயித்துல பொறந்த என் ரெண்டு பிள்ளைங்களே ஒரு மாதிரி இல்லை. அப்புறம் எப்படி ஒரு தெருவே, ஒரு சாதியே, ஒரு ஊர்க்காரங்களே ஒரே மாதிரி இருப்பாங்க? இது அன்னிக்கு பஸ்ஸில் எனக்கு நல்லாப் புரிஞ்சது. ஆனா எனக்கு நடந்தபோது மட்டும்தான் புரிஞ்சது.

மூணு வருஷம் கழிச்சு, 2017 ஆவணி மாசம். எங்க ஊரில் ஏரிக்கரைக்கு அந்தாண்ட பதினாலு இருளர் குடும்பம் இருக்கு. அங்கேயிருந்து ஒரு அம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. திண்ணைக்குக் கீழே வாசல்லயே நின்னாங்க. "அக்கா, உங்க குழுவுல என்னையும் சேத்துக்குவீங்களா? மாசம் நூறு ரூபா கட்டிடுவேன்"னு கேட்டாங்க.

அவங்க எனக்குப் புதுசு இல்லை. பல வருஷமா ஒரே வயலில் நாத்து நட்டிருக்கோம். என் கையைவிட அவங்க கை வேகம். என்னைவிட நாலு வயசு மூத்தவங்க. ஆனா அவங்க என்னை அக்கான்னு கூப்பிடுவாங்க, நான் அவங்களை நீ, வா, போன்னு பேசுவேன். எங்க ஊரில் எல்லாரும் அப்படித்தான். அது தப்புன்னு அன்னிக்கு எனக்குத் தோணக்கூட இல்லை. "கூட்டத்துல கேட்டுச் சொல்றேன், போ"ன்னு அனுப்பிட்டேன்.

கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். ஒரு அக்கா, "அவங்க ஒரு இடத்துல இருக்கற சனமா? இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கயோ"ன்னாங்க. இன்னொருத்தங்க, "வர்ற கூலியைக் குடிச்சே அழிப்பாங்க"ன்னாங்க. ஒருத்தங்க குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வீடு கூட்டம் நடக்குது. உள்ள வந்தா சாமான் பத்திரமா இருக்குமா?"ன்னாங்க. இதைச் சொன்னவங்க யாருக்கும் அந்தம்மா ஒரு பொருள் எடுத்து நாங்க பார்த்தது கிடையாது. அவங்க வீட்டுக்காரர் குடிச்சும் நாங்க பார்த்தது கிடையாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேத்துட்டு அப்புறம் அவங்க செங்கல் சூளைக்குப் போயிட்டா கடனுக்கு யார் பதில் சொல்றது?"ன்னு கேட்டேன். மத்தவங்க பேசினது கெட்ட பேச்சுன்னு கேட்டாலே தெரியும். நான் பேசினது பொறுப்பான பேச்சு மாதிரி இருந்தது. அதனால என் பேச்சுதான் எடுபட்டது. தப்பெண்ணம் எப்பவும் திட்டற மாதிரி வராது. இப்படி அக்கறை மாதிரியும் வரும். அதைத்தான் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

தீர்மானம் என் கையெழுத்தில்தான் இருக்கு. "உறுப்பினர் எண்ணிக்கை போதுமானதாக இருப்பதால் புதிய உறுப்பினர் சேர்க்கை தற்போது இல்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." பதினைஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு எங்க ஓரகத்தியைச் சேர்த்தோம். அந்தத் தீர்மானமும் அதே நோட்டில் நாலு பக்கம் தள்ளி என் கையெழுத்திலேயே இருக்கு.

மார்கழியில் அந்தம்மாவோட வீட்டுக்காரர் மரம் வெட்டும்போது விழுந்து கால் முறிஞ்சிடுச்சு. வைத்தியச் செலவு, வீட்டில் வருமானம் இல்லை. எங்ககிட்ட வந்து கேட்கலை. எப்படிக் கேட்பாங்க? நாங்கதான் ஏற்கெனவே கதவைச் சாத்திட்டோமே. சூளை மேஸ்திரி ஒருத்தர் வந்து இருபதாயிரம் முன்பணம் கொடுத்தார். தைப்பொங்கல் முடிஞ்சு மூணாம் நாள் குடும்பத்தோட லாரியில் ஏறிப் போயிட்டாங்க. வேற மாவட்டம். எட்டாவது படிச்சுக்கிட்டிருந்த பொண்ணும் கூடவே போச்சு. கால் முறிஞ்சவருக்குப் பதிலா மண் மிதிக்க, கல் அடுக்க ஒரு ஆள் வேணுமே.

அன்னிக்குத் தண்ணி பிடிக்கற இடத்தில் என்ன பேசிக்கிட்டோம்னா, "பாத்தியா, நான் சொன்னேன்ல, போயிட்டாங்க. நல்லவேளை சேர்க்கலை."

அக்கா தங்கச்சிகளே, இந்த இடத்தைத்தான் நீங்க கவனிக்கணும். அவங்க போயிடுவாங்கன்னு சொல்லி நாங்க சேர்க்கலை. சேர்க்காததால அவங்க போனாங்க. போனதைக் காட்டி, நாங்க சொன்னது சரின்னு பேசிக்கிட்டோம். ஆவணியில் சேர்த்திருந்தா மார்கழியில் அஞ்சு மாசச் சேமிப்பு இருந்திருக்கும். குழுவில் உள்கடன் கொடுத்திருக்கலாம். மேஸ்திரி முன்பணத்துக்குக் கை நீட்ட வேண்டியிருந்திருக்காது. தப்பெண்ணத்துக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்வாங்க. அப்படி இல்லை. நாம வைச்சிருக்கற தப்பெண்ணம் தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே செஞ்சுக்கும். எங்க ஊரில் அதைச் செஞ்சது எங்க தீர்மானம்.

முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாம வேலை வாங்கறது குற்றம், அதுக்குக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம்னு 1976-லயே சட்டம் இருக்கு, கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தா மீட்டு வருவாங்க, இதெல்லாம் பின்னாடிதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அன்னிக்குத் தெரிஞ்சிருந்தாலும் நாங்க போயிருப்போமான்னு எனக்கே சந்தேகம்தான். ஏன்னா, அவங்க போனது எங்களுக்குச் சங்கடமா இல்லை, சாதாரணமா இருந்தது.

ரெண்டு சூளை சீசன் முடிஞ்சு 2019-ல் அவங்க திரும்பி வந்தாங்க. அந்த வருஷம் எங்க குழுவுக்குப் புத்தகப் பராமரிப்புப் பயிற்சி நடந்தது. வந்த மேடம் கடன் பேரேட்டைத் திறந்து, "தவணை பாக்கி வைச்சிருக்கறவங்க பேரை மட்டும் தனித்தாளில் எழுதுங்க"ன்னாங்க. எழுதினது நான். பதினாறு பேரில் நாலு பேர் பாக்கி. நாலும் எங்க தெரு. அதில் ஒரு பேர் என் பேர். எனக்கு மூணு தவணை பாக்கி.

மேடம் சாதாரணமாதான் கேட்டாங்க, "இவங்க ஏன் கட்டலை?"ன்னு. நாங்க ஒவ்வொருத்தருக்கும் காரணம் சொன்னோம். ஒருத்தருக்கு மாடு செத்துப் போச்சு. ஒருத்தருக்கு மாமியார் ஆஸ்பத்திரி. எனக்குப் பையன் பள்ளிக்கூடச் செலவு. எல்லாமே நிஜமான காரணம்தான். மேடம் ஒப்புக்கிட்டாங்க. அப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. நம்ம ஆள் கட்டலைன்னா, "பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ"ன்னு சொல்றோம். அடுத்த தெரு ஆள் கட்டலைன்னா, "அந்தச் சனமே அப்படித்தான்"னு சொல்றோம். நமக்குன்னா காரணம், அவங்களுக்குன்னா குணம். வங்கியில் எங்களுக்கு நடந்ததும் இதேதானே? அன்னிக்கு "நோட்டைப் பாருங்க"ன்னு கேட்டவங்க நாங்க. ஆவணி மாசம் வாசல்ல நின்னவங்களுக்கு நோட்டில் ஒரு பக்கம்கூட நாங்க கொடுக்கலை.

அன்னிக்கு ராத்திரி பழைய தீர்மானத்தை எடுத்துப் படிச்சேன். அடுத்த கூட்டத்தில் ரெண்டு தீர்மானத்தையும் சத்தமா படிச்சேன். யாரும் பேசலை. அப்புறம் ஊக்குநர் அக்கா, "போய்க் கேட்டுட்டு வருவோம்"னாங்க.

நாலு பேர் ஏரிக்கரைக்குப் போனோம். அந்த ஊரிலேயே பொறந்து, கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில், ஆனா அந்தக் குடியிருப்புக்குள்ள நான் போனது அதுதான் முதல் தடவை. அந்தம்மா பாய் போட்டு உட்கார வைச்சாங்க. "மன்னிச்சிருங்க"ன்னு சொல்ல வாய் வரலை. "குழுவுல சேர்ந்துக்கறீங்களா?"ன்னு மட்டும் கேட்டேன். நீங்கன்னு அவங்களை நான் முதல் தடவை சொன்னது அப்போதான். அவங்க உடனே தலையாட்டலை. "யோசிச்சுச் சொல்றேன்"னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, "கூட்டம் முறை வைச்சு எங்க வீட்லயும் நடக்கும்னா வர்றேன்"னு சொல்லி அனுப்பினாங்க. நாங்க எதிர்பார்க்காத கேள்வி. ஆனா நியாயமான கேள்வி.

எல்லாம் சுமுகமா முடிஞ்சதுன்னு சொன்னா அது பொய். ஒரு அக்கா சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கிட்டு விலகிட்டாங்க. அவங்க வீட்டில் கூட்டம் நடக்கும்போது டீ குடிக்காம, "இப்பதான் குடிச்சேன்"னு சொல்றவங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க இங்கேயும் உட்கார்ந்திருக்காங்க, என்னைத் திட்டப் போறாங்க. பரவாயில்லை. முதல் தடவை டம்ளரைக் கையில் வாங்கும்போது எனக்கும் கை தயங்குச்சு. அதையும் சொல்லிடறேன்.

இப்போ ஏரிக்கரையிலிருந்து மூணு பேர் எங்க குழுவில் இருக்காங்க. அந்தம்மா உள்கடனில் வாங்கின ஆடு அஞ்சாகியிருக்கு. கொரோனா ஊரடங்கில் எல்லாரையும் போல அவங்களுக்கும் தவணை தவறுச்சு, அப்புறம் கட்டிட்டாங்க. ஆனா, அவங்க சரியா கட்டினதால நாங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல வரலை. அவங்க ஒரு தவணைகூடக் கட்டாம போயிருந்தாலும் 2017-ல் நாங்க போட்ட தீர்மானம் தப்புதான். எங்க ஓரகத்தியைச் சேர்க்கும்போது, "உன் தெருக்காரங்க ஒழுங்கா கட்டுவாங்கன்னு நிரூபி"ன்னு யாரும் கேட்கலையே.

இந்தத் தலைப்புக்காக நான் கொஞ்சம் விசாரிச்சேன். என் பொண்ணு பதினோராவது படிக்கிறா, அவ புத்தகம் எடுத்துக் கொடுத்தா. வெள்ளைக்காரங்க 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. சில சமூகத்தில் பொறந்தாலே திருடங்கன்னு பேர் எழுதி, போலீசில் கைநாட்டு வைக்கச் சொன்ன சட்டம். பொறந்த குழந்தை என்ன திருடியிருக்கும்? சுதந்திரம் வந்த பிறகு, 1952-ல் நாடு முழுக்க அந்தச் சட்டம் போயிடுச்சு. சட்டம் போச்சு, அந்தப் புத்தி போகலை. ஊரில் ஒரு கோழி காணாம போனாலும் இன்னும் முதல்ல எந்தப் பக்கம் பார்க்கறோம்னு உங்க மனசுக்கே தெரியும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். நம்மள வயலில் பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போடறாங்க. அந்த மருந்து செய்யப் பாம்பு விஷம் வேணும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 1978-ல் ஆரம்பிச்சது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் பிடிச்சு விஷம் எடுத்துட்டு, பாம்பை மறுபடி காட்டிலேயே விட்டுடறாங்க. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிச்சாங்க. திருடங்கன்னு நாம கைகாட்டற சமூகம் எத்தனையோ பேர் உயிரைக் காப்பாத்திக்கிட்டிருக்கு.

இதை ஆர்வமா அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னேன். "அக்கா, உங்களுக்கும் பாம்பு பிடிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "எனக்கு ஓணானைப் பார்த்தாலே பயம்க்கா"ன்னாங்க. பாருங்க, நல்லதா நினைச்சும் நான் மறுபடி அதே தப்பைத்தான் பண்ணியிருக்கேன். திருடங்கன்னு எல்லாரையும் ஒரு பானையில் போட்டா என்ன, பாம்பு பிடிக்கறவங்கன்னு ஒரு பானையில் போட்டா என்ன? நமக்கு மட்டும், "பொம்பளைங்கன்னா பொறுமை"ன்னு யாராவது புகழ்ந்தா அதில் எவ்வளவு வேலையை நம்ம தலையில் கட்டறாங்கன்னு தெரியாதா?

இது இருளர் மக்கள் விஷயம் மட்டும் இல்லை. வீட்டுக்காரரை இழந்த அக்கா கையால வளைகாப்புக்கு வளையல் போடக் கூடாதுன்னு ஒதுக்கறோம். கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையனைப் பார்த்தா பையை இறுக்கிப் பிடிக்கறோம். திருநங்கைகளுக்கு 2008-லயே இந்தத் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்தாச்சு, நம்ம கூட்டமைப்பில் எத்தனை குழுவில் அவங்க இருக்காங்க? கைநாட்டு வைக்கற உறுப்பினரை, "உனக்குக் கணக்கு புரியாது"ன்னு பேசவே விடறதில்லை. இதை ஒவ்வொரு குழுவும் தனக்குத்தானே கேட்டுக்கணும்.

நான் அறிவுரை சொல்ற அளவுக்குப் பெரியவ இல்லை. எங்க குழுவில் இப்போ ஒருத்தரைப் பத்தி முடிவெடுக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கறோம். இது நாம கண்ணால பார்த்ததா, யாரோ சொல்லக் கேட்டதா? ஒருத்தர் செஞ்சதை எல்லார் மேலயும் போடறோமா? நம்ம சொந்தக்காரங்க வந்து கேட்டா இதே கேள்வியைக் கேட்போமா? மூணாவது கேள்வியில்தான் நாங்க அடிக்கடி மாட்டிக்கறோம்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒண்ணு. யாரையாவது உறுப்பினரா சேர்க்க மாட்டோம்னு ஒரு குழு சொன்னா, உண்மையான காரணத்தைத் தீர்மான நோட்டில் எழுதணும்னு விதி போடுங்க. நாங்க அன்னிக்கு, "எண்ணிக்கை போதும்"னு எழுதினோம். "இருளர் என்பதால் சேர்க்கவில்லை"ன்னு எழுதியிருக்கணும்னா என் கை எழுதியிருக்காது. எழுதக் கூசற காரணத்தை வைச்சு முடிவெடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. அந்தம்மாவை இப்போ நான் அக்கான்னுதான் கூப்பிடறேன். அவங்களும் என்னை இன்னும் அக்கான்னுதான் கூப்பிடறாங்க, பழக்கம் விடலை. எங்களுக்குள்ள இப்போ வருத்தம் இல்லைன்னு அவங்க சொல்றாங்க. ஆனா அவங்க பொண்ணு மறுபடி பள்ளிக்கூடம் போகலை. சூளையிலிருந்து வந்தபோது கூடப் படிச்ச பிள்ளைங்க பத்தாவது போயிட்டாங்க, வெட்கப்பட்டுக்கிட்டு நின்னுடுச்சு. இப்போ தையல் கத்துக்கிட்டிருக்கு, நல்லா வரும். கூட்டமைப்பில் மெஷினுக்குக் கடன் கேட்டிருக்கோம். ஆனா கடன் கொடுக்கலாம், மெஷின் கொடுக்கலாம், அந்தப் பொண்ணோட எட்டாம் வகுப்பை நாங்க திருப்பிக் கொடுக்க முடியாது. என் பொண்ணு புத்தகம் எடுத்து வைச்சுப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருது. வரணும்.

 இதை மேடையில் சொல்லலாம்னு அனுமதி கொடுத்தது இதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காதான்.